மொட்டை மாடியில் இரண்டு அப்பாக்கள் பேசிய இங்கிலீஷ்

மகனே,

பூமி உருண்டையான நாளிலிருந்து யாரும் நம்பியிராத, இனி யாரும் நம்பவும் போகாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று, நம் வீட்டு கேஸ் சிலிண்டரின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன். கற்பூரம் ஏற்றித்தான் சத்தியம் செய்திருப்பேன், கிடைக்கவில்லை. உன் அம்மா உங்களோடு ரயில் ஏறிய நிமிடத்திலிருந்து இந்த வீட்டுச் சாமான்கள் எல்லாம் என்னைக் கண்டால் ஒளிந்துகொள்கின்றன. நேற்று காப்பித்தூள் டப்பாவைத் தேடி வேப்பனப்பள்ளி வரை போய்விட்டு வந்தேன். அது அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் மூன்று பேரும் இந்நேரம் ஒடிசாவில் பெண் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு மட்டும் கம்பெனியில் ஆடிட் வாரம். இருந்த லீவையெல்லாம் உன் கல்யாணத்துக்கே வழித்துத் துடைத்தாயிற்று. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், நானே போட்ட காப்பியைக் குடித்த துக்கத்தோடு, தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெங்களூரில் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய்: "அப்பா, இப்பவாச்சும் நெசத்தச் சொல்லுங்க. அன்னிக்கி மாடியில என் மாமனார்கிட்ட என்னதான் பேசுனீங்க?" ஐந்து மாதமாக நீ இதையே கேட்கிறாய். ஐந்து மாதமாக நானும் விதவிதமாகப் பதில் சொல்லி வருகிறேன். ஓசூர் ரோஜாத் தோட்டம் அத்தனையும் உன் பேரில் இருக்கிறது என்று சொல்லி அவரை மயக்கினேன் என்றேன். அப்புறம், என் இங்கிலீஷைக் கேட்டு அவர் நிஜமாகவே மயங்கிச் சரிய, தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால் சம்மதம் வாங்கிவிட்டேன் என்றேன். எதிர் வீட்டுக்காரரிடம் சொன்ன கதையில் ஒரு சிறுத்தைகூட வருகிறது. கல்யாணத்தன்று நம் காவேரிப்பட்டினத்துச் சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து, "எப்புடிய்யா அந்த மனுசன ஒத்துக்க வெச்ச?" என்று என் காதைக் கடித்துக் கடித்து, காது இப்போது பாதிதான் மிச்சம். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கட்டும் என்றே திறந்து வைக்கிறேன். சம்பந்தியிடமும் நேற்று போனில் கேட்டுவிட்டேன். "ஐ ரைட். ஆல் ரீட். ஓகேங்களா?" என்றேன். "ரைட், ரைட்," என்றார்.

முதலிலிருந்தே வருகிறேன். நீயும் சஸ்மிதாவும் காதலித்தது இங்கிலீஷில். உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் ஒடிசாவில் ஒரு நெல் வயல் கிராமத்திலிருந்து, செல்போன் பாகங்கள் பூட்டும் வேலைக்கு இங்கே வந்து, ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண். நீ அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ். அவளுக்குத் தமிழ் இல்லை, உனக்கு ஒடியா இல்லை, இந்தி உன் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. ஆக, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி இங்கிலீஷைப் போட்டு ஒரு முழுக் காதலைச் செய்துவிட்டீர்கள். கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் என்று மூன்று நாக்கை வாய்க்குள் மடித்து வைத்துக்கொண்டு இந்த எல்லையோரத்தில் இருபத்தாறு வருஷம் ராஜாவாகத் திரிந்த எனக்கு, நாலாவது நாக்குக்கும் இடம் ஒதுக்க வேண்டிவரும் என்று யார் கண்டது?

முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோதே, கற்று வைத்திருந்த கொஞ்சத் தமிழில் அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அப்பா சரி சொல்லணும். சொல்லல, கல்யாணம் இல்ல." உன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது. அடுத்த வாரம் அவள் அப்பாவின் நிபந்தனை போனில் வந்து இறங்கியது. அவர் இங்கே வருவார். பையனின் அப்பாவோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். பிள்ளைகள் நடுவில் நின்று மொழிபெயர்க்கக் கூடாது. "பிள்ளைகள வெச்சுப் பேசுனா, பிள்ளைகளுக்கு எது வேணுமோ அதுதான் நம்ம காதுக்கு வரும்" என்றாராம். கேட்ட உடனே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் எந்தப் பாஷையில் பேசுவது? அவருக்குத் தெரிந்தது ஒடியாவும் இந்தியும். எனக்குத் தெரியாதது அந்த இரண்டும். எங்களுக்குப் பொதுவாக மிஞ்சியது, அவர் பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்ட இங்கிலீஷும், நான் மெஷின்களுக்கு நடுவில் பொறுக்கிய இங்கிலீஷும்தான். உன் வாழ்க்கை மொத்தமும் அந்த இரண்டு கந்தல் துணியில் கட்டித் தொங்கியது.

என் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், உலகத்துக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக, இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் என்னைச் சுற்றி இங்கிலீஷ்தான். ஸ்டார்ட், ஸ்டாப், புஷ், லிஃப்ட், டோன்ட் டச். அத்தனையும் வினைச்சொற்கள், நல்ல உழைப்பாளிகள். ஆனால் ஒன்றுக்கும் ஆள் கிடையாது. யார் நிறுத்துவது, யார் தூக்குவது என்று எந்தப் பலகையும் சொன்னதில்லை. படித்துக்கொண்டு நிற்கிற மடையன்தான் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டியது. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மெஷினோடு சம்பந்தம் பேசலாம், மனுசனோடு பேச முடியுமா? அப்போதுதான் நீ எனக்கு வாத்தியார் ஆனாய். மூன்று வாரம், தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, சமையல்கட்டில் பாடம். "வினை ஒண்ணு போதும்ப்பா. முன்னாடி ஆளப் போடுங்க, பின்னாடி எப்புடின்னு போடுங்க. ஐ, ஈட், ஸ்லோலி. அவ்ளோதான் இங்கிலீஷு." அவ்வளவுதானாம்! நம் பாஷையில் 'வந்தேன்' என்றால் வந்தவன் அந்தச் சொல்லின் வாலிலேயே தொங்கிக்கொண்டு வந்துவிடுகிறான். 'வந்தாங்க' என்றால் மரியாதையும் கூடவே தொற்றி ஏறிக்கொள்கிறது. இங்கிலீஷ் வினைக்கு அந்த வால் இல்லை. 'கம்' என்றால் வந்தது நானா, நீயா, நாலூர்ச் சனமா என்று அதற்கே தெரியாது. டிரைவர் ஏறாத ஃபோர்க்லிஃப்ட் மாதிரி, முன்னால் ஓர் ஆளை உட்கார வைத்தால்தான் நகர்கிறது.

உன் அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே என்னைவிட வேகமாகப் படித்தாள். "ஏன் கண்ணு, 'ஹி'ன்னா அவனா, அவரா?" என்று கேட்டாள். "ரெண்டும்தாம்மா," என்றாய். "அப்ப இனிமே உங்கப்பாவ 'ஹி'ன்னே சொல்லிக்கறேன். மரியாத குடுத்தனா குடுக்கலியான்னு அவருக்கே தெரியாது." சொன்ன கையோடு தன் வாழ்நாளின் முதல் இங்கிலீஷ் வாக்கியத்தை எடுத்துவிட்டாள்: "ஹி ஸ்லீப் லவுட்லி." நீ மாவு டப்பாவைத் தட்டிவிட்டுச் சிரித்தாய். எனக்கோ 'யூ'தான் தொண்டையில் மாங்கொட்டையாக நின்றது. பெற்ற மகனுக்கும் 'யூ', தெருநாய்க்கும் 'யூ', மூவாயிரம் மைல் தாண்டிப் பெண் கொடுக்க வருகிற சம்பந்திக்கும் அதே 'யூ'வா? ஆளைப் பார்த்து 'நீ' என்று சொன்னது போல் நாக்கு கூசியது. ஒவ்வொரு 'யூ'வுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று கடைசியில் முடிவெடுத்தேன். பிறகு அந்த 'லி' கூட்டம். ப்ராப்பர்லி, ரியலி, டெஃபினிட்லி. இவை எனக்கென்றே செய்து வைத்த சொற்கள். சும்மா நடந்து போகிற வினைக்குப் பட்டுக் குஞ்சம் கட்டி யானைமேல் ஏற்றிவிடுகிற சொற்கள். "ஒரு வாக்கியத்துக்கு ஒண்ணுதாம்ப்பா," என்று நீ ரேஷன் போட்டாய். ரேஷனுக்கு அடங்குகிற ஆளா நான்? பன்னிரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்தேன். நீ பார்க்காத நேரத்தில் ஒவ்வொன்றிலும் மூன்று 'லி'யைச் சொருகிக்கொண்டேன்.

அவர் வந்த நாள் உனக்குப் பாதிதான் தெரியும், ஏனென்றால் உன்னை அம்மா தெருமுனை டீக்கடைக்குத் துரத்திவிட்டாள். ஒல்லியான மனிதர். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கறுப்புக் குடை. இரண்டு நாள் ரயிலில் வந்த களைப்பு கண்ணில் இருந்தது. சட்டையில் மட்டும் இல்லை. மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் தண்ணீர்ச் சொம்பு. கீழே சமையல்கட்டில் சஸ்மிதா. மாடிப்படியின் பாதியில், பூண்டு உரிக்கிற சாக்கில் உன் அம்மா. காலை பதினோரு மணி வெயில், ஓசூர் வெயில் என்பதால் மரியாதையாக அடித்தது. "கம்ங்க. சிட்ங்க," என்றேன். அவர் நின்றுகொண்டே, "யூ சிட், ஆக்யா," என்றார். அப்புறம் தெரிந்தது, ஆக்யா என்பது அவர்கள் ஊர் 'ங்க'. எனக்கு வந்த நிம்மதியைப் பார்! அவருக்கும் இங்கிலீஷின் மொட்டை வினை பொறுக்கவில்லை. நான் 'ங்க'வை ஒட்டினேன், அவர் 'ஆக்யா'வை ஒட்டினார். ஒரு வெள்ளைக்காரன் அந்தப் பக்கமாக வந்திருந்தால் தண்ணீர் டாங்கில் குதித்திருப்பான்.

உட்கார்ந்ததும் நான் பெருமழையாகப் பிடித்துக்கொண்டேன். "ஐ ரியலி ஹாப்பிலி வெல்கம் யூங்க. மை சன் ஆல்வேஸ் ப்ராப்பர்லி வர்க். ஹி நெவர் பேட்லி டாக். ஹி டெஃபினிட்லி நைஸ்லி லிவ்." என் குரல் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி கர்நாடகாவுக்குள் போய், அங்கே இரண்டு லாரிகள் வழி விட்டு ஒதுங்கின. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் "யெஸ்" என்றார். எட்டாவது வாக்கியத்தில்தான் கவனித்தேன், அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஸ் ஷாப்பில் காய்ப்பு ஏறிய கை, நான் பேசப் பேச வீசிக்கொண்டே இருக்கும் கை. ஒன்பதாவது வாக்கியம் வாயோடு நின்றுவிட்டது. அவர் குடையைக் கீழே வைத்தார். தன் கையை உயர்த்தி, காற்றில் ஓர் அறை அறைந்து காட்டினார். "மை பிக் டாட்டர்," என்றார். "ஹர் ஹஸ்பண்ட் ஹிட். டெய்லி."

மகனே, மூத்த பெண்ணின் கதை உனக்கு முன்பே தெரிந்திருக்கலாம். எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. நான் குஞ்சம் கட்டி வைத்திருந்த முப்பத்தாறு 'லி'யும் அவருடைய அந்த ஒற்றை 'டெய்லி'க்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டன. அவர் தொடர்ந்தார். "யுவர் சன், ஹி ஹிட்?" தலையாட்டி இல்லை என்றேன். "யூ? யூ ஹிட், ஆக்யா?" அப்பன் கை நீட்டுகிற வீடா என்று தெரிந்துகொண்டால் பிள்ளையைத் தெரிந்துகொள்ளலாம் என்ற கணக்கு. இதற்காகத்தான் இரண்டு நாள் ரயிலில் வந்திருக்கிறார். என் பன்னிரண்டு வாக்கியத்தில் இதற்குப் பதில் இல்லை.

இதே கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "அய்யோ சாமி, எங்க வீட்ல கொசுவக்கூட அடிக்கறதில்லைங்க, வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயி வழியனுப்பிட்டு வருவோம்" என்று ஆரம்பித்து, கொசு நன்றி சொல்லிவிட்டுப் போனது வரைக்கும் போயிருப்பேன். கன்னடத்திலும் பொய் சொல்வேன், தெலுங்கில் இன்னும் அழகாகச் சொல்வேன். இங்கிலீஷில் பொய் சொல்ல எனக்குச் சாமான் போதவில்லை. பொய்க்கு நிறையச் சொற்கள் வேண்டும், முன்னும் பின்னும் முட்டுக்கொடுக்க வேண்டும். கையில் துழாவினால் அகப்பட்டது ஐந்தே ஐந்து வினை. ஹிட், ஆஸ்க், ஸ்டாண்ட், கோ, க்ரை. அவற்றுக்கு முன்னால் நிறுத்த, மாடியில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. "ஐ ஹிட்," என்றேன். "மை சன். ஒன் டைம்."

எந்தத் தடவை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நீ தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பாலிடெக்னிக் சேர்ந்த முதல் வருஷம். எல்லாப் பாடமும் இங்கிலீஷ். முதல் வாரமே உன்னை எழுப்பி நிறுத்தி, உன்னைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். 'ஐ' என்று ஆரம்பித்த உனக்கு அடுத்த சொல் வரவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து நீ காலேஜுக்குப் போகாமல், டிபன் பாக்ஸோடு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்து சாயங்காலம் வீடு திரும்பினாய். இரண்டு வாரம். தெரிந்தவர் ஒருவர் போனில் சொல்லி, அரை நாள் லீவு போட்டு வந்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. அத்தனை சனத்துக்கு நடுவில் அறைந்தேன். "ஒரு இங்கிலீசு வாக்கியம் வாயில வராதவனுக்குச் சோறு எதுக்குடா?" என்றேன். அப்படிக் கேட்ட எனக்கே அன்றைக்கு அரை வாக்கியம்கூட வராது. "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு எங்கேயோ போனேன். திரும்பி வந்தபோது நீ அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாய். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

இந்த முழு நீளத்தையும் சம்பந்தியிடம் சொல்ல எனக்கு எங்கே முடியும்? "பஸ் ஸ்டாண்ட். ஐ ஹிட். ஐ நாட் ஆஸ்க். ஹி ஸ்டாண்ட். ஐ கோ. ஐ க்ரை." அவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும், போச்சு, என் வாயாலேயே உன் கல்யாணத்தை அறைந்து மூடிவிட்டேன் என்று தோன்றியது.   மாடிப்படியில் பூண்டு உரிக்கிற சத்தமும் நின்றுபோனது. "பேச்சே இல்ல, முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன்" என்று உன் அம்மா அப்புறம் சொன்னாள். பக்கத்துத் தொழிற்சாலையில் மதியச் சங்கு ஊதும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஒரு யுகம் என்று எழுதுவேன், நீ நம்பமாட்டாய்.

பிறகு அவர் தன் நெஞ்சில் கை வைத்தார். "ஐ ஆல்சோ," என்றார். "ஃபர்ஸ்ட் டைம் ஹி ஹிட், ஷி கம் ஹோம். ஐ டெல், கோ பேக். ஐ நாட் ஆஸ்க். ஐ செண்ட்." ஒவ்வொரு 'ஐ'க்கும் நெஞ்சில் ஒரு தட்டு. மூத்த பெண் முதல் தடவை அழுதுகொண்டு வந்தபோது, ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து, ஏன் என்று கேட்காமல் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போது அவள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். கேட்காமல் போன இரண்டு அப்பன்கள், கேட்கத் தெரியாத ஒரு பாஷையில், எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சொம்பை எடுத்து அவருக்கு நீட்டினேன். பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மீதியை நான் குடித்தேன்.

அதற்கப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "சஸ்மிதா க்ரை, யூ டெல் மீ. க்விக்லி." நான், "க்விக்லி," என்றேன். "யூ நாட் ஹைட்." "ஐ நாட் ஹைட்ங்க." "யுவர் சன் ராங், ஆல்சோ நாட் ஹைட்." தப்பு என் மகன் பேரில் இருந்தாலும் மறைக்கக் கூடாது என்கிறார். பெற்ற பாசம் ஒரு நொடி இழுத்துப் பிடித்தது, உண்மையைச் சொல்கிறேன். "மை சன் ஆல்சோ," என்றேன். அவர் என் வலது கையை, அந்தக் காய்ப்பு ஏறிய கையை, தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஓகே, ஆக்யா," என்றார். கிருஷ்ணகிரி அணையை என் தோளிலிருந்து யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் கொடியில் காய்ந்த துணிகள் பேரிகை ஊர் வரைக்கும் பறந்துபோனதாகப் பேச்சு. கீழே இறங்கியதும் அம்மா, "என்னாச்சுங்க, என்னதான் சொன்னாரு?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் என்னைக் கைவிட்டுவிட்டன. "ஓகே," என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு களி கிண்டப் போனாள். சம்பந்தி அந்தக் கேழ்வரகுக் களியைத் தயங்கித் தயங்கித் தொட்டு, கீரைக் குழம்போடு இரண்டாவது உருண்டையும் வாங்கிக்கொண்டார். நீ டீக்கடையிலிருந்து ஓடி வந்தாய். அன்று நீ குடித்த டீயைக் கொட்டியிருந்தால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்திருக்கும்.

இதுதான் மாடியில் நடந்தது. உன்னிடம் நேராகச் சொல்லாமல் சிறுத்தையையும் ரோஜாவையும் காட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம், இதைச் சொன்னால் அந்த பஸ் ஸ்டாண்டையும் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாக நாம் இருவரும் அதைப் பேசியதில்லை. அறைந்த மறுவாரம் நீ காலேஜுக்குப் போனாய், ஒரு நோட்டுப் போட்டு நீயாகவே இங்கிலீஷ் கற்றுக்கொண்டாய், எனக்கே வாத்தியார் ஆனாய். அதையெல்லாம் என் அறையின் பலன் என்று நான் ஊரில் சொல்லித் திரிந்திருக்கிறேன். அது பச்சைப் பொய். அறை உனக்கு ஒரு சொல்லும் கற்றுத்தரவில்லை. நீ நின்றாய், நான் கேட்கவில்லை. அவ்வளவுதான் அன்று நடந்தது. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன், நீயும் படித்துவிட்டாய், இனி அழிக்க முடியாது.

புத்தி சொல்லாமல் ஒரு அப்பன் கடிதத்தை முடித்தால் சட்டப்படி குற்றம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் இன்னும் சில வருஷம் இங்கிலீஷில்தான் சண்டை போடப்போகிறீர்கள். அதில் உங்களுக்குச் சொற்கள் குறைவு என்று வருத்தப்படாதே, அது உங்கள் அதிர்ஷ்டம். நானும் உன் அம்மாவும் ஒரே பாஷையில் சண்டை போட்டு, ஏழு தலைமுறையைத் தோண்டி எடுத்து வெயிலில் காயப்போட்டவர்கள். ஆனால் 'ஆல்வேஸ்', 'நெவர்' என்கிற இரண்டு சொல்லை மட்டும் வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ. "யூ ஆல்வேஸ்" என்று ஆரம்பித்த எந்த வாக்கியமும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. ஒரு நாள் நடந்ததைத் தினமும் நடந்ததாக ஆக்கிவிடும் சொல் அது. என்னைப் போன்ற புளுகன் வாயில் இருந்தால் தமாஷ், கோபக்காரன் வாயில் இருந்தால் கத்தி. தப்புச் செய்தால் முன்னால் 'ஐ'யைப் போடு. கூசும், எனக்கும் கூசியது. அவள் அழுதால் முதலில் ஏன் என்று கேள். அவள் மொழி புரியாவிட்டாலும் கேள், கேட்டுக்கொண்டே இரு. தமிழ் கற்றுக்கொடு, ஒடியா கற்றுக்கொள், 'ஆக்யா'விலிருந்து ஆரம்பி.

இன்னொன்று. நான் சம்பந்திக்குக் கொடுத்த வார்த்தை விளையாட்டு இல்லை. வாழ்நாளில் நான் அளந்த கதைகளுக்கெல்லாம் சேர்த்துக் கொடுத்த ஒரே வார்த்தை அது. நீ கை நீட்டினாய் என்று என் காதில் விழுந்தால், உன் பக்கத்து நியாயம் என்னவென்று கேட்டுக்கொண்டு உட்கார மாட்டேன். போனை எடுத்து, க்விக்லி, அவரிடம் சொல்லிவிடுவேன். நீ என் மகன், ஒரே மகன், அப்படியும் சொல்வேன். அந்த நாள் வராது என்று எனக்குத் தெரியும். அடி வாங்கிய இடத்தில் அப்படியே நின்றவன் நீ. அடிக்கிற கை உனக்குக் கிடையாது. அது தெரிந்திருப்பதால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை இப்படி நிம்மதியாக உட்கார்ந்து, கழுநீர் மாதிரி ஒரு காப்பியைக் குடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "எங்கப்பா வழக்கம்போல மாவு சேத்து உருட்டியிருக்காரு" என்பாய். சேர்த்திருக்கிறேன். லாரி ஒதுங்கியது மாவு. பறந்த துணி மாவு. மூவாயிரம் மைல்கூட மாவுதான், ஆயிரம்கூட இருக்காது. சம்பந்தியைக் கேட்டால் அவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து வேறு மாதிரி சொல்வார். "ஐ க்ரை" என்று நான் சொன்னதையும் நீ அந்தக் கணக்கில்தான் வைப்பாய், அனுதாபத்துக்காக விட்ட சரடு என்று. அந்தச் சின்னத் துண்டு மட்டும் நிஜம். உன்னை நிற்கச் சொல்லிவிட்டு, புறப்பட நின்ற ஒரு டவுன் பஸ்ஸின் பின்னால் போய் மறைந்துகொண்டேன். அழுது முடிப்பதற்குள் அது கிளம்பிவிட்டது. மறைவு போய்விட்டதே என்று பக்கத்தில் நின்ற இன்னொரு பஸ்ஸின் பின்னால் போனேன். அதுவும் கிளம்பிவிட்டது. ஏழு பஸ் என்று எழுதக் கை துடிக்கிறது, மகனே. இரண்டுதான்.